பதங்களும் பாத்தியதைகளும்

பல இனத்தாரும், பல மதத்தாரும், பல பாஷைக்காரரும் ஒரே தேசத்தில் கூடி வாழ்வதைப் பற்றிப் பேசவோ எழுதவோ முற்படுகிறவர்கள், இக்காலத்தில் ஆங்கிலத்திலிருந்து சில பதங்களைக் கடன் வாங்காமல் இருப்பதில்லை. ‘மல்டிகல்ச்சுரல்’, ‘டைவர்ஸிட்டி’, ‘மைனாரிட்டி’, ‘இன்டகிரேஷன்’, ‘டாலரன்ஸ்’ முதலிய பதங்கள் சட்டசபைகளிலும் சர்வகலாசாலைகளிலும் பத்திரிகைகளிலும் நாள்தோறும் வழங்குகின்றன. நமது பாஷையிலும் இவற்றுக்குப் ‘பன்முகப் பண்பாடு’, ‘சிறுபான்மை’, ‘சகிப்புத்தன்மை’ என்று மொழிபெயர்ப்புகள் ஏற்பட்டு, மேடை ஏறிய எவரும் தயக்கமின்றி எடுத்தாளும் நிலைமைக்கு வந்துவிட்டன. பிற பாஷையிலிருந்து பதங்களை ஏற்பது குற்றமென்று நாம் கூறவில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அதன் வாசகத்தைப் படித்துப் பார்ப்பது விவேகிகளின் வழக்கம். இப்பதங்கள் எந்தத் தேசத்தில், எவரால், எவரைக் குறித்து, எக்காரியத்தின் பொருட்டு வழக்கத்துக்கு வந்தன என்று நேயர்கள் சற்று விசாரிக்க வேண்டுமென்பதே நமது விருப்பம்.

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1908-ம் வருஷத்தில் வாஷிங்டன் நகரத்தில் ஒரு நாடகம் அரங்கேறிற்று. அதை இயற்றியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த யூதரான இஸ்ரேல் ஜாங்வில். ‘உருக்கும் கொப்பரை’ என்று பொருள்படும் ‘மெல்டிங் பாட்’ என்பதே அதன் பெயர். ருஷ்யாவில் யூதர்களின் மீது நடந்த படுகொலையில் குடும்பத்தைப் பறிகொடுத்து அமெரிக்கா வந்து சேர்ந்த ஒரு சங்கீத வித்வானே அதன் கதாநாயகன். ஐரோப்பாவின் சகல இனத்தாரும் அமெரிக்கா என்னும் கொப்பரையில் உருகிப் புதிய மனிதராக வார்க்கப்படுவர் என்பது நாடகத்தின் கருத்து. அக்காலத்தில் ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து பார்த்து மெச்சினார். அன்று முதல் அப்பதம் அமெரிக்க தேசத்தாரின் நாவில் நிலைபெற்றது. பழைய பகைகளை மறந்து எல்லாரும் ஒன்றாவோம் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் அந்தக் கொப்பரை நடைமுறையில் எவ்விதம் வேலை செய்தது என்று கவனிக்க வேண்டும். டெட்ராய்ட் நகரத்தில் போர்டு மோட்டார் தொழிற்சாலையார் 1914-ம் வருஷத்தில் அயல்நாட்டுத் தொழிலாளருக்காக ஓர் ஆங்கிலப் பாடசாலை ஸ்தாபித்தார்கள். அதன் பட்டமளிப்பு விழாவில் மேடையின் மீது பிரம்மாண்டமான கொப்பரை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். தொழிலாளர்கள் தங்கள் தங்கள் தேசத்து உடைகளை உடுத்து அதற்குள் இறங்குவார்கள். அமெரிக்க உடையும் கையில் அமெரிக்கக் கொடியுமாக வெளியே வருவார்கள். உள்ளே போனவர்களுடைய உடையும் பாஷையும் என்னவாயின என்று அங்கு எவரும் கேட்கவில்லை. கொப்பரையில் உருக வேண்டியவர் வந்தவரேயன்றி, ஏற்கெனவே இருந்தவர் அல்லர். வார்ப்படத்தின் அச்சு முன்னரே செய்து முடிந்துவிட்டது.

அவ்வாறு உருகுவதற்குச் சம்மதித்தவர்களுக்கேனும் இடம் கிடைத்ததா? இந்தியர்களாகிய நாம் மறக்கலாகாத ஒரு வழக்கு உண்டு. அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் ‘வெள்ளை மனிதரு’ம் ஆப்பிரிக்க வம்சத்தாருமே பிரஜா உரிமை பெறலாம். 1922-ம் வருஷத்தில் ஒஸாவா என்னும் ஜப்பானியரின் வழக்கில், ‘வெள்ளை’ என்ற பதத்துக்குக் ‘காகேஷிய’ இனத்தார் என்றே அர்த்தம் என்று சொல்லி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவரைத் தள்ளிவிட்டது. சில மாதங்களுக்குள், 1923-ம் வருஷ ஆரம்பத்தில், பகத்சிங் திண்டு என்னும் பஞ்சாபியரின் வழக்கு அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. முதல் மகாயுத்தத்தில் அமெரிக்கச் சேனையில் சேவித்தவர் அவர். சாஸ்திரக்காரர்களின் வகுப்பின்படி வட இந்தியர் காகேஷிய இனமே என்பது அவர் தரப்பு வாதம். அதற்கு நீதிபதிகள் கூறிய விடை என்ன? சாஸ்திரக்காரரின் வகுப்பு முக்கியமன்று, சாதாரண மனிதன் ‘வெள்ளை’ என்று எவரை நினைக்கிறானோ அவரே வெள்ளையர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஜப்பானியரைத் தடுக்கச் சாஸ்திரம் உதவிற்று. இந்தியரைத் தடுக்கச் சாதாரண மனிதன் உதவினான். இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி.

இதன் பலனாக, முன்னமே பிரஜா உரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. பெஷாவரிலிருந்து 1915-ம் வருஷத்தில் குடும்பத்துடன் ஸான்பிரான்ஸிஸ்கோ சென்று, வியாபாரம் நடத்தி, 1921-ம் வருஷத்தில் அமெரிக்கப் பிரஜையான வைஷ்ணவ தாஸ் பகாய் என்பவர் அவர்களில் ஒருவர். பிரஜா உரிமையும் அதனுடன் சொத்துரிமையும் போயின. 1928-ம் வருஷத்தில், தமக்கு நேர்ந்த அவமானத்தை ஒரு பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி வைத்துவிட்டு, அவர் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியர்கள் அமெரிக்கப் பிரஜைகளாகலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது 1946-ம் வருஷத்தில்தான். அப்போதும் வருஷத்துக்கு 100 பேர் மட்டுமே குடியேறலாம் என்று கணக்கு வைத்தார்கள். ஒரு பதத்துக்கு எவர் அர்த்தம் சொல்வது என்பது பண்டிதர்களின் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்கச் சட்டமாவது நிறத்தை வெளிப்படையாகச் சொல்லிற்று. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் குடியேற்ற நாடுகளில் நிறம் என்ற பேச்சே இல்லாமல் அதே காரியம் நிறைவேறிற்று. ஆஸ்திரேலியா 1901-ம் வருஷத்தில் இயற்றிய சட்டம், வந்திறங்குபவர் ஐரோப்பிய பாஷை ஒன்றில் 50 வார்த்தைகளை அதிகாரி சொல்லச் சொல்ல எழுதிக் காட்ட வேண்டுமென்றது. எந்தப் பாஷை என்று தீர்மானிப்பவர் அதிகாரியே. 1934-ம் வருஷத்தில், பாஸிஸத்தை எதிர்த்துப் பேச வந்த எகோன் கிஷ் என்னும் பன்மொழி அறிந்த பத்திரிகாசிரியரைத் தடுக்க வேண்டி, ஸ்காட்லாந்தின் கேலிக் பாஷையில் அவருக்குப் பரீட்சை வைத்தார்கள். அது சட்டத்தில் சொல்லிய ஐரோப்பிய பாஷை ஆகாது என்று உயர் நீதிமன்றம் பிறகு தீர்ப்பளித்தது. இந்தப் பரீட்சை 1958-ம் வருஷம் வரையில் சட்டப் புத்தகத்தில் இருந்தது. கனடாவோ 1908-ம் வருஷத்தில், பிறந்த தேசத்திலிருந்து ‘இடைவிடாத பிரயாணம்’ செய்து வருபவரே இறங்கலாம் என்று உத்தரவிட்டது. இந்தியாவிலிருந்து அவ்விதம் நேரே செல்வதற்கு வழியில்லை. 1914-ம் வருஷத்தில் 376 பிரயாணிகளுடன் வான்கூவர் துறைமுகம் சென்ற கோமகட்டா மாரு கப்பல், இரண்டு மாதம் காத்துக் கிடந்து திருப்பியனுப்பப்பட்டதும், கல்கத்தாவுக்கு அருகில் பட்ஜ் பட்ஜில் அப்பிரயாணிகள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததும் சரித்திரப் பிரசித்தம். அவர்கள் எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜைகள். அந்த உத்தரவில் ‘இந்தியர்’ என்ற சொல்லே கிடையாது.

இனிக் கொப்பரைக்கு மாற்றாக எழுந்த பதங்களைப் பார்ப்போம். 1915-ம் வருஷத்தில் ஹோரேஸ் காலன் என்னும் அமெரிக்க ஆசிரியர், தேசத்தைக் கொப்பரைக்கு ஒப்பிடாமல் வாத்திய கோஷ்டிக்கு ஒப்பிட்டார். வீணை வீணையாகவும் குழல் குழலாகவும் இருந்துகொண்டே ஒரு கானத்தை எழுப்பலாம் என்றார். இதையே பின்னர் ‘கலாசாரப் பன்மை’ என்று பெயரிட்டு அழைத்தார். உயர்ந்த கருத்து, ஆனால் அவருடைய கோஷ்டி ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் கோஷ்டி. கறுப்பு மக்களுக்கு அதில் வாத்தியம் கொடுபடவில்லை. கனடாவில் ஜான் மரே கிப்பன் என்பவர் 1938-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலால், பல நிறச் சில்லுகள் பதித்த சித்திரத்தைக் குறிக்கும் ‘மொஸெய்க்’ என்ற பதம் பிரபலமாயிற்று. சில்லுகள் உருகுவதில்லை, தம் நிறத்துடனேயே சித்திரமாகின்றன என்று அந்நாட்டார் பெருமை பேசினர். 1965-ம் வருஷத்தில் ஜான் போர்ட்டர் என்னும் சமூக சாஸ்திரி ‘செங்குத்தான மொஸெய்க்’ என்ற பெயரில் ஒரு நூல் எழுதி, அச்சித்திரத்தில் மேல் வரிசைச் சில்லுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வம்சத்தார் வசமே இருப்பதைக் கணக்குடன் எடுத்துக் காட்டினார். சித்திரம் அழகாயிருக்கலாம், எந்தச் சில்லு மேலே, எந்தச் சில்லு கீழே என்பதன்றோ கேள்வி?

‘மல்டிகல்ச்சுரலிஸம்’ என்னும் பதம் ராஜாங்கக் கொள்கையாக உயர்ந்ததும் கனடாவிலேதான். 1963-ம் வருஷத்தில் அந்நாட்டு சர்க்கார் இருமொழி, இரு கலாசாரம் ஆகியவற்றைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் நியமித்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரருமே நாட்டை ஸ்தாபித்தவர் என்பது அதன் அடிப்படை. மேற்குச் சமவெளியைத் திருத்திப் பயிரிட்ட உக்ரேனியர் முதலானோர், ‘எங்கள் இடம் எங்கே?’ என்று கேட்டார்கள். பால் யூஸிக் என்னும் உக்ரேனிய வம்சத்துச் செனட்டர் 1964-ம் வருஷத்தில் செனட் சபையில் இதையே வற்புறுத்தினார். இக்கிளர்ச்சியின் விளைவாகவே, 1971-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி, பிரதம மந்திரி பியர் ட்ரூடோ, கனடாவுக்கு ராஜாங்க பாஷைகள் இரண்டு உண்டு, ராஜாங்கக் கலாசாரம் என ஒன்று கிடையாது என்ற கொள்கையைப் பார்லிமெண்டில் அறிவித்தார். 1982-ம் வருஷத்து உரிமைப் பத்திரத்தின் 27-வது பிரிவிலும், 1988-ம் வருஷத்துத் தனிச் சட்டத்திலும் அது இடம் பெற்றது. இப்பதம் மேலிருந்து இட்ட பிச்சையன்று. கேட்டுப் பெற்ற பாத்தியதை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் அப்பதத்தாலும் எல்லாரும் திருப்தி அடையவில்லை. நாட்டை ஸ்தாபித்த இரு ஜாதியாரில் ஒருவரான தம்மைப் பல கூட்டத்தாரில் ஒன்றாக்கிவிட்டார்கள் என்று க்யூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர் குறைப்பட்டனர். அந்த மண்ணின் ஆதிக் குடிகளுக்கோ இன்னும் ஆழ்ந்த மனக்குறை இருந்தது. அவர்கள் எங்கிருந்தும் குடியேறியவர் அல்லர். ராஜாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டவர்கள். 1969-ம் வருஷத்தில் அதே ட்ரூடோ சர்க்கார், ‘சமத்துவம்’ என்ற பெயரால் அவர்களுடைய தனி அந்தஸ்தை நீக்கிவிட யோசனை வெளியிட்டது. சமத்துவத்தைவிட இனிய சொல் ஏது? ஆயினும் ஆதிக்குடிகளின் தலைவர்கள் அதன் உட்பொருளைக் கண்டுகொண்டார்கள். ஹெரால்டு கார்டினல் என்னும் இளந்தலைவர் அவ்வருஷமே ஒரு நூல் எழுதி அதைக் கண்டித்தார். எதிர்ப்பின் வேகத்தில் சர்க்கார் பின்வாங்கிற்று. தங்களை ‘முதல் தேசத்தார்’ என்று அவர்கள் தாமே பெயரிட்டுக்கொண்டதும் இக்காரணம் பற்றியே. அவர்களுடைய குழந்தைகளில் ஏறக்குறைய 1,50,000 பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்பாஷை பேசினால் தண்டித்து வளர்த்த விடுதிப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த கமிஷன், 2015-ம் வருஷத்தில் அதைக் ‘கலாசாரப் படுகொலை’ என்றே பெயரிட்டு எழுதிற்று. பல காலம் அக்கொடுமைக்கு வழங்கிய பெயர் ‘கல்வி’.

நல்ல பதத்தைத் தீய காரியத்துக்கு எடுத்துக்கொண்ட கதை தென்னாப்பிரிக்காவில் இன்னும் வெட்டவெளிச்சம். ‘பன்மைச் சமூகம்’ என்ற தொடரைப் பிரசித்தம் செய்தவர், பர்மாவில் ஐ.ஸி.எஸ். உத்தியோகம் பார்த்த பர்னிவால் என்னும் ஆங்கிலேயர். பர்மாவிலும் ஜாவாவிலும் ஐரோப்பியரும், சீனரும், இந்தியரும், சுதேசிகளும் அடுத்தடுத்து வாழ்ந்தும், கடைவீதியில் கொள்வனை கொடுப்பனையில் அன்றி வேறெங்கும் கலப்பதில்லை என்று அவர் கண்டார். நமது செட்டியார்களும் தமிழ்த் தொழிலாளரும் பர்மாவில் இருந்த நிலைமைக்கும் இது பொருந்தும். அவருக்கு அது ஒரு நோயின் பெயர். பொது விருப்பம் என்பது இல்லாத சமூகத்தை அந்நிய ஆட்சி ஒன்றே கட்டி வைத்திருக்கிறது என்றார். இதே ‘பன்மை’ என்னும் பதத்தைத் தென்னாப்பிரிக்க நிறவெறி சர்க்கார் 1978-ம் வருஷத்தில் எடுத்துக்கொண்டு, கறுப்பு மக்களை அடக்கி ஆளும் இலாகாவுக்குப் ‘பன்மை உறவுகள் இலாகா’ என்று பெயர் மாற்றிற்று. ஊர்விட்டு ஊர் துரத்துவதும், கையில் அனுமதிச் சீட்டு இல்லாதவரைச் சிறையிலிடுவதும் நின்றபாடில்லை. இலாகாவின் பெயர்ப்பலகை மாத்திரம் புதிதாயிற்று.

‘மைனாரிட்டி’ என்னும் பதத்தையும் ஆராய்வோம். கனடாவின் 1986-ம் வருஷத்து உத்தியோகச் சமநீதிச் சட்டம், ஆதிக்குடிகள் நீங்கலாக, வெள்ளையர் அல்லாத எல்லாரையும் ‘கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினர்’ என்று வகுத்தது. தமிழர், சீனர், ஆப்பிரிக்கர், அரபியர் எல்லாரும் அதில் அடக்கம். எவர் கண்ணுக்குத் தெரியும்? வெள்ளையரின் கண்ணுக்கு என்பதே விடை. 2021-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி கனடா முழுவதிலும் நூற்றுக்கு 26.5 பேர் இவ்வகையினர். டொரான்டோ மாநகர வட்டாரத்திலோ பாதிக்கு மேற்பட்டவர் இவர்களே. பாதிக்கு மேற்பட்டவரைச் சிறுபான்மை என்பது என்ன கணக்கு? ஐக்கிய நாடுகளின் இனப் பாகுபாடு ஒழிப்புக் கமிட்டி 2007-ம் வருஷத்தில் இப்பதத்தைக் குறித்து ஆட்சேபம் தெரிவித்தது. சர்க்கார் நியமித்த குழுவே 2023-ம் வருஷத்தில் அதை மாற்றும்படி சிபார்சு செய்தது. அதே சமயம், உத்தியோக சாலைகளில் எவருக்கு எத்தனை இடம் கிடைத்தது என்று கேட்பதற்கு அப்பதமே ஆதாரமாயிருந்தது என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. குறையுள்ள பதமும் நியாயத்துக்கு ஊன்றுகோலாகலாம்.

பிரிட்டனில் 1966-ம் வருஷத்தில் உள்நாட்டு மந்திரி ராய் ஜென்கின்ஸ், ‘இன்டகிரேஷன்’ என்பது எல்லாரையும் ஒரே மட்டமாகத் தட்டுவதன்று, சம சந்தர்ப்பமும் கலாசார வேற்றுமையும் பரஸ்பர சகிப்பும் சேர்ந்ததே அது என்று வியாக்கியானம் செய்தார். அவ்வியாக்கியானம் இன்றளவும் மேற்கோளாக நிற்கிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்குள், கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுடன் புறப்பட்ட இந்திய வம்சத்தாரைத் தடுப்பதற்காக, அதே கட்சி சர்க்கார் மூன்றே நாட்களில் ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. பரஸ்பரம் என்ற சொல் பேச்சில் இருந்தது. கதவின் தாழ்ப்பாளோ ஒரு பக்கத்தில்தான் இருந்தது. சகிப்பு என்பதன் இயல்பே அப்படி. தலைவலியைச் சகிக்கிறோம், வெயிலைச் சகிக்கிறோம். வீட்டுக்கு உரியவனை எவரும் ‘சகித்து’க் கொள்வதில்லை. சகிப்பவன் விரும்பும்போது சகிப்பதை நிறுத்தவும் கூடும்.

2010-ம் வருஷத்தில் ஜெர்மன் பிரதம மந்திரி மெர்க்கலும், 2011-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் பிரதம மந்திரி காமெரனும், மல்டிகல்ச்சுரல் முயற்சி தோற்றுவிட்டது என்று பிரசங்கித்தார்கள். ஜெர்மனி 1961-ம் வருஷத்திய உடன்படிக்கையின்படி துருக்கியரை வேலைக்கு வரவழைத்து, அவர்களை ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று அழைத்தது. விருந்தினர் என்றால் ஒரு நாள் போக வேண்டியவரே. ஜெர்மன் மண்ணில் பிறந்த அவர்களுடைய குழந்தைகளுக்குப் பிறப்பினால் பிரஜா உரிமை கிடைக்கும் வழி 2000-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான் ஏற்பட்டது. நாற்பது வருஷம் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, ‘இவர்கள் வீட்டோடு ஒட்டவில்லை’ என்பது எவ்வளவு நியாயம்? தோற்றது கொள்கையா, அல்லது கைக்கொள்ளப்படாத கொள்கையின் பெயரா என்று யோசிக்க வேண்டும்.

‘பதங்கள் எவையானால் என்ன, மனிதர் மனம் மாற வேண்டும்’ என்று சிலர் கூறுவர். மனம் மாறும் வரையில் பாதிக்கப்பட்டவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? சட்டத்தில் ஏறிய பதத்தையே பிடித்துக்கொள்ள முடியும். சனிக்கிழமை தமது மதத்தின் ஓய்வு நாளாதலால் அன்று வேலைக்கு வர இயலாத ஒரு கடை ஊழியரின் வழக்கில், முதலாளி தம்மாலியன்ற அளவு ‘நியாயமான இணக்கம்’ செய்ய வேண்டுமென்று கனடா உச்ச நீதிமன்றம் 1985-ம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. 1990-ம் வருஷத்தில் அந்நாட்டுக் குதிரைப் போலீஸ் படையில் சீக்கியர் தலைப்பாகையுடன் சேவிக்க அனுமதி கிடைத்தது. 1986-ம் வருஷத்தில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத் தமிழரை மீனவர் கரை சேர்த்தனர்; 2016-ம் வருஷத்தில் அந்நாட்டுக் காமன்ஸ் சபை ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றது. கோமகட்டா மாருவுக்காகக் கனடா பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரியதும் அதே 2016-ம் வருஷத்தில்தான். கேட்டவர்கள் இருந்ததாலேயே இவை நிகழ்ந்தன. கேட்பதற்குப் பதங்கள் உதவின.

ஆகையால் இப்பதங்களைத் தள்ளிவிடும்படி நாம் சொல்லவில்லை. இவற்றில் எதையேனும் ஒருவர் நம் முன் வைக்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்கிறோம். இந்த வாக்கியத்தில் செய்பவர் யார், செய்யப்படுபவர் யார்? குறிக்கப்பட்டவர் இப்பெயரைத் தாமே ஏற்றாரா, பிறர் இட்டாரா? இப்பதத்தின் பின்னால் நீதிமன்றத்தில் செல்லத்தக்க சட்டம் ஏதேனும் உண்டா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காத பதம் எவ்வளவு இனிமையாயிருப்பினும் அது வெறும் ஓசையே.

தமிழில் எழுதுவோருக்கும் பேசுவோருக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. ‘அஸிமிலேஷன்’ என்பதற்குக் ‘கரைந்து போதல்’ என்று நேரே எழுதுவோம். அதை ‘ஒற்றுமை’ என்று எழுதிப் பூசி மெழுக வேண்டாம். ‘இன்டகிரேஷன்’ என்றால் இரு தரத்தாரும் இடம் கொடுத்துச் சேர்வதாயின் ‘இணக்கம்’ என்போம். ஒரு தரத்தார் மாத்திரம் வளைவதாயின் அப்பெயரை மறுப்போம். ‘டாலரன்ஸ்’ என்று பிறர் சொல்லுமிடத்தில், உரிமையுள்ளவர்களைப் பற்றிய பேச்சாயின், ‘சமமதிப்பு’ என்று கேட்போம். கடல் கடந்து சென்ற நம்மவர்க்கு எந்தப் பதம் நியாயமென்று கோருகிறோமோ, நம் ஊருக்குப் பிழைக்க வந்த அயலாருக்கும் அதே பதத்தை வழங்குவோம். திண்டின் வழக்கில் ‘சாதாரண மனிதன்’ நினைத்ததே சட்டமாயிற்று. ஒவ்வொரு தேசத்திலும் அந்தச் சாதாரண மனிதன் நாள்தோறும் பத்திரிகை படிக்கிறான், பிரசங்கம் கேட்கிறான். அவனுக்கு எந்தப் பதங்களைக் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.